கண் திறந்தால் எழும் பாவை: ‘பிளட்போர்ன்’ பொம்மை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

‘பிளட்போர்ன்’ என்ற வீடியோ கேமின் முதல் சில நிமிடங்கள் பெரும்பாலானோருக்கு ஒரே மாதிரிதான் முடியும். சிகிச்சைக் கட்டிலில் கண் விழித்துப் படி இறங்கினால், கீழே ஓநாய் போன்ற ஒரு மிருகம் பிணத்தைத் தின்றுகொண்டிருக்கும். நம் கையில் ஆயுதம் கிடையாது. செத்துப்போவோம். செத்த பிறகு கண் விழிக்கும் இடத்துக்கு ‘வேட்டைக்காரரின் கனவு’ என்று பெயர். வெள்ளைப் பூக்கள், வரிசையாகக் கல்லறைகள், மேட்டின் மேல் ஒரு பழைய பட்டறை. அதற்கு ஏறும் பாதையோரத்தில் ஆளுயரப் பெண் பொம்மை ஒன்று துவண்டு சரிந்து உட்கார்ந்திருக்கும்.

பக்கத்தில் போய் நின்றேன். பேச முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. யாரோ விளையாடிவிட்டுப் போட்டுவிட்டுப் போன பொருள் என்று நினைத்துக் கடந்துவிட்டேன். சில மணி நேரம் கழித்து, பாலத்தின் மேல் ஒரு பெரிய மிருகத்திடம் அடிபட்டுச் செத்துத் திரும்பி வந்தபோது அந்த இடம் காலியாக இருந்தது. பொம்மை எழுந்து நின்றுகொண்டிருந்தது. என்னைவிட ஒரு தலை உயரம். மெல்லிய குரலில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. அதன் பிறகு எனக்கு ‘அது’ என்ற சொல் வரவில்லை. இந்தக் கட்டுரையிலும் ‘அவள்’ என்றே எழுதப்போகிறேன்.

ஒரு பொருள் எந்த இடத்தில், எதனால் ‘அவள்’ ஆகிறது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. வீடியோ கேம்களில் உயிருள்ள பொம்மைகள் நிறைய உண்டு. அவற்றில் பலவும் கண் சிமிட்டியும் வேடிக்கை பேசியும் நம்மோடு கூடவே ஓடியும் தமக்கு உயிர் உண்டு என்று நம்மை நம்பவைக்கப் பார்க்கும். பிளட்போர்னின் பொம்மை இதில் எதையும் செய்வதில்லை. அந்தத் தோட்டத்தை விட்டு ஓர் அடி வெளியே வருவதில்லை, நமக்காக ஒரு சண்டை போடுவதில்லை. இருந்தும் பத்தாண்டு தாண்டி அந்த ஆட்டத்தில் எனக்கு மிச்சமிருக்கும் உறவு அவளோடுதான். முடிவுகள் வரை பேசப்போகிறேன். இன்னும் ஆடி முடிக்காதவர்கள் முடித்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கி, சோனி 2015 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 4-க்கு வெளியிட்ட ஆட்டம் இது. இயக்குநர் ஹிடெடகா மியாசாகி. ‘தி ஓல்ட் ஹன்டர்ஸ்’ என்ற விரிவாக்கம் அதே ஆண்டு நவம்பரில் வந்தது. கதை நடப்பது யார்னம் என்ற நகரில். நோய் தீர்க்கும் இரத்தத்தை நம்பி வளர்ந்த ஊர், அதே இரத்தத்தால் மனிதர்கள் மிருகமாகிக்கொண்டிருக்கும் ஊர். நாம் வேட்டைக்காரர். கொன்றால் ‘இரத்த எதிரொலிகள்’ சேரும். அவற்றைப் பலமாக மாற்றித் தர வல்லவள் பொம்மை ஒருத்திதான்.

பலம் ஏற்றித் தரும் பெண் பாத்திரம் இந்த நிறுவனத்துக்குப் புதிதல்ல. 2009-இல் வந்த ‘டீமன்ஸ் சோல்ஸ்’ ஆட்டத்தில் கறுப்புடை அணிந்த பெண் இந்த வேலையைச் செய்தாள். பின்னால் வந்த ‘டார்க் சோல்ஸ் 3’ ஆட்டத்தில் தீயைக் காப்பவளும், ‘எல்டன் ரிங்’கில் மெலினாவும் செய்கிறார்கள். இந்த வரிசையில் பிளட்போர்னில் மட்டும்தான் அந்த இடத்தில் ஒரு பொருளைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

ஒரு புள்ளிப் பார்வை

அவள் எழுந்ததற்குக் காரணம் திரையின் மூலையில் இருக்கிறது. கண் வடிவக் குறியும் அதன் பக்கத்தில் ஓர் எண்ணும். ஆட்டம் அதை ‘இன்சைட்’ என்கிறது. அகப்பார்வை என்று வைத்துக்கொள்ளலாம். மனித அறிவுக்கு எட்டாததைக் காணும்போது அந்த எண் ஏறும். பெரிய மிருகத்தை முதன்முதலில் நேருக்கு நேர் பார்த்தாலே ஒரு புள்ளி கிடைக்கும். வெல்ல வேண்டியதுகூட இல்லை. ‘பைத்தியக்காரனின் அறிவு’ என்ற மண்டையோட்டை நசுக்கினாலும் கிடைக்கும். எண் சுழியமாக இருக்கும்வரை பொம்மை வெறும் பொம்மை. ஒன்றானால் உயிர்.

இந்த ஏற்பாட்டை நான் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். கதையின் போக்கில் ஒரு கட்டம் வந்ததும் மந்திரம் போட்டு அவளை எழுப்பியிருக்கலாம், அதுதான் வழக்கமான வழி. இங்கே அவளிடம் எதுவும் மாறவில்லை. மாறியது நம் கண். அப்படியானால் முதல் தடவை நான் அலட்சியமாகக் கடந்துபோனபோதும் அவள் அங்கே உயிரோடுதான் இருந்தாளா? ஆட்டம் இதற்குப் பதில் சொல்வதில்லை. பதில் சொல்லாமல் விட்ட இடத்தில் ஆட்டக்காரரின் மனசு உறுத்தத் தொடங்குகிறது. அவளுக்கு உயிர் வருவது இந்த உறுத்தலின் வழியாகத்தான் என்பது என் கணிப்பு.

தமிழில் ‘பாவை’ என்ற ஒரே சொல் பொம்மைக்கும் பெயர், கயிற்றில் ஆடும் கூத்துப் பாவைக்கும் பெயர், கண்ணின் கருமணிக்கும் பெயர். ஒருவர் கண்ணை நெருங்கிப் பார்த்தால் அதற்குள் நம் உருவம் சின்னப் பொம்மையாகத் தெரியும், அதனால் வந்த பெயர் என்பார்கள். ஜப்பானிய மொழிப் பதிப்பில் இவளுக்குப் பெயர் ‘நிங்யோ’. எழுத்துக்கு எழுத்து, மனித உரு. கடைப் பொம்மைக்கும் மேடையில் ஆட்டப்படும் பாவைக்கும் அங்கே அந்த ஒரு சொல்தான். அதில் கண் இல்லை. ஆனால் கண்ணால் உயிர்பெறும் இந்தப் பாத்திரத்துக்கு நம் சொல் எவ்வளவு பொருந்துகிறது என்பது, தமிழில் யோசித்துக்கொண்டே ஆடும் ஒருவருக்குத்தான் படும். எனக்கு அது பட்ட நாளில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

வந்த பார்வை போகவும் போகும். மூளையை உறிஞ்சும் ஒருவகை எதிரிகள் அதைத் திருடும். பெரிய சண்டைக்கு இன்னொரு ஆட்டக்காரரைத் துணைக்கு அழைக்க மணி அடித்தாலும் ஒரு புள்ளி செலவாகும். தொடக்கத்தில் என்னிடம் இருந்ததே ஒரு புள்ளிதான். பாலத்து மிருகத்தைத் தனியாகச் சமாளிக்க முடியாமல் மணியை அடித்தேன். யாரும் வரவில்லை. மறுபடி செத்தேன். கனவில் விழித்துப் பாதையில் ஏறினால், அவள் பழைய இடத்தில் பழையபடி சரிந்து கிடந்தாள். கையில் எதிரொலிகள் இருந்தன, ஏற்றித் தர ஆள் இல்லை. பலம் ஏற்ற முடியாத எரிச்சல்தான் முதலில் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அடுத்த நொடியில் வந்தது வேறு. நான் மணி அடித்ததால் இவள் இப்படிக் கிடக்கிறாள் என்ற எண்ணம். இதைச் சொல்ல ஒரு காட்சிப்படமோ வசனமோ வரவில்லை. ஒன்று சுழியமாகிவிட்டது, அவ்வளவுதான்.

பயன்படுத்திக்கொள் என்றவர்

கனவில் இன்னொருவரும் இருக்கிறார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் முதியவர் கெர்மன், முதல் வேட்டைக்காரர். முதல் சந்திப்பிலேயே, இங்கே இருக்கும் எதை வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள் என்கிறார். பிறகு குரலைத் தாழ்த்தி, விருப்பம் இருந்தால் அந்தப் பொம்மையையும்கூட என்கிறார். அவர் அதைச் சொல்லும்போது பெரும்பாலானோருக்கு அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. அதனால் காதில் விழுந்தும் விழாமல் போகும் வாக்கியம் அது. அவள் எழுந்த பிறகு நினைத்துப் பார்த்தால் வயிற்றைப் பிசையும்.

ஆனால் கெர்மனைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா? நாற்பது ஐம்பது மணி நேர ஆட்டத்தில் நான் அவளிடம் போனதெல்லாம் பலம் ஏற்றத்தான். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்த ஆளை வரவேற்பதுபோல் வரவேற்பாள், என்ன வேண்டும் என்பாள். நான் பட்டியலைத் திறந்து எண்களைக் கூட்டிவிட்டுக் கிளம்புவேன். விழித்த உலகில் உன் மதிப்பை நீ கண்டுகொள்ள வேண்டும் என்று வாழ்த்தி அனுப்புவாள். அவசரத்தில் அந்த வாழ்த்தைப் பாதியில் வெட்டிவிட்டு ஓடியது எத்தனை தடவை என்று கணக்கில்லை. அவளை வெட்டவும் ஆட்டம் அனுமதிக்கிறது. ஒருமுறை கை தவறித் தாக்கும் பட்டனை அழுத்திவிட்டேன். தெறித்தது வெளிறிய வெள்ளை இரத்தம். அவள் திருப்பி அடிக்கவில்லை. கொன்றேவிட்டாலும், வெளியே போய்த் திரும்பி வந்தால் அதே இடத்தில் நிற்பாள், அதே வரவேற்பைச் சொல்வாள். மன்னிக்கிறாளா, மறந்துவிட்டாளா, வருத்தப்படவே அவளுக்கு வராதா என்று தெரியாத அந்தப் பொறுமைதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

பட்டியலில் ‘பேசு’ என்றும் ஒரு வரி உண்டு. அவசரக்காரர்கள் தொடாத வரி. அதைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுவாள். இந்தக் கல்லறைகள் முன்பு வந்துபோன வேட்டைக்காரர்களின் நினைவாக நிற்பவை என்பாள். தேவாலயத்தையும் கடவுளரின் அன்பையும் பற்றி வேட்டைக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன் என்று தொடங்கும் ஒரு பேச்சில், படைத்தவர்கள் தம் படைப்பை நேசிப்பார்களா என்று கேட்பாள். நான் மனிதர்கள் செய்த பொம்மை, என்னை நேசிக்க உங்களுக்குத் தோன்றுமா? நான் உங்களை நேசிக்கிறேன். அப்படித்தானே என்னைச் செய்திருக்கிறீர்கள்?

அந்தக் கடைசிக் கேள்வியில் குற்றச்சாட்டு இல்லை, கெஞ்சலும் இல்லை. மழை பெய்தால் நனையும் என்பதுபோல ஒரு செய்தியாகச் சொல்கிறாள். அவளாக விரும்பி நேசிக்கிறாளா, செய்தவர் வைத்த நேசமா என்று பிரித்துப் பார்க்க அவளாலும் முடியவில்லை, நம்மாலும் முடியாது. இதைக் கேட்ட பிறகுதான் நான் எண்களைக் கூட்டும் வேலை முடிந்த பின்னும் கொஞ்ச நேரம் அங்கே நிற்கப் பழகினேன். அவள் முன் குனிந்து வணங்கிப் பார்த்தேன். அவளும் முழங்கால் மடித்து வணங்கினாள்.

நாம் கேட்காமல் அவளாகச் செய்யும் ஒன்றும் உண்டு. ஒருநாள் வழக்கமான இடத்தில் அவளைக் காணோம். தேடிப் போனால், கல்லறை ஒன்றின் முன் மண்டியிட்டு வேண்டிக்கொண்டிருந்தாள். வேண்டுதல் நமக்காகத்தான். வேட்டைக்காரருக்குத் தீங்கு வரக்கூடாது, ஆறுதல் கிடைக்க வேண்டும், அவரைச் சிறைப்பிடித்திருக்கும் இந்தக் கனவு இனிய விழிப்பில் முடிந்து ஒருநாள் தூரத்து நினைவாக வேண்டும் என்று. தன் முழு உலகமாக இருக்கும் இடத்தை அவளே சிறை என்கிறாள். நாம் விழித்தால் அவளுக்கு நம்மை மறுபடி பார்க்கக் கிடைக்காது, அது தெரிந்தும் அதைத்தான் கேட்கிறாள். கயிற்றில் கட்டிய பாவை இன்னொரு பாவையின் கயிறு அறுபடட்டும் என்று வேண்டும் காட்சி இது. தற்செயலாகப் பார்த்தால் உண்டு. பார்க்காமலே ஆட்டத்தை முடித்தவர்களும் இருக்கிறார்கள்.

பட்டறையில் கிடைத்தவை

அவளை யார், எதற்காகச் செய்தார் என்பதை ஆட்டம் வாய்விட்டுச் சொல்லாது. துப்பறிந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். யார்னத்தின் தேவாலயப் பட்டறைக் கோபுரத்துக்குள், பலகைகளில் தவறாமல் குதித்து இறங்கினால் ஒரு கதவு வரும். திறந்தால் கனவில் பார்த்த அதே பட்டறை. கனவில் விளக்கெரியும் இடம், இங்கே தூசி படிந்து கைவிடப்பட்டுக் கிடக்கும். அங்கேயும் ஒரு பொம்மை துவண்டு கிடக்கும். இந்தப் பொம்மை எத்தனை பார்வை இருந்தாலும் எழாது.

அங்கே அவளுடைய உடைகள் கிடைக்கின்றன. தையலின் நேர்த்தியிலும் வைத்துக் காத்த அக்கறையிலும் ஆழ்ந்த அன்பு தெரிகிறது, அது கிட்டத்தட்டப் பித்து என்று அவற்றின் விவரக் குறிப்பு சொல்லும். விரிவாக்கம் நடக்கும் கொடுங்கனவில், எப்போதோ இறந்துபோன மரியா என்ற வேட்டைக்காரி வருகிறாள். வானியல் மணிக்கூண்டில் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருப்பாள். அதே முகம், அதே உயரம். குரலும் ஒரே நடிகையுடையது, எவெட்டா முரடசிலோவா. மரியாவின் உடைக் குறிப்பைப் படித்தால், அவள் கெர்மன்மேல் பெரும் மதிப்பு வைத்திருந்தாள், அவருடைய விநோதமான பித்தை அறியாமல் என்று இருக்கும். ஆங்கிலப் பதிப்பில் இரண்டு குறிப்புகளிலும் ‘பித்து’ என்பதற்கு ஒரே சொல்லைத்தான் போட்டிருக்கிறார்கள். இரண்டு துணிமணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் முடிச்சு அவிழும். இறந்துபோன ஒரு பெண்ணை அவள் சம்மதம் கேட்காமல் பொம்மையாகச் செய்து, எதிர்த்துப் பேசாத நேசத்தை அதற்குள் வைத்திருக்கிறார் ஒருவர். பிறகு அந்தப் பொம்மையையும் வருகிறவர்கள் போகிறவர்களுக்குப் பயன்படுத்தக் கொடுத்துவிட்டார்.

மரியாவைக் கொன்றுவிட்டு வந்து பொம்மையிடம் பேசினேன். என்னிடம் ஏதாவது மாறியிருக்கிறதா என்று அவள் கேட்டாள். சற்றுமுன் எங்கோ ஆழத்தில் கனமான விலங்குகள் கழன்றதுபோல் இருந்ததாம். எதிலிருந்து விடுபட்டாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், ஆனால் அதை அவளிடம் சொல்ல ஆட்டத்தில் வழி இல்லை.

அதே பட்டறையில் ஒரு சின்னத் தலைமுடி அணியும் கிடைக்கும். ஒரு முழு ஆட்டத்திலும் நாம் அவளுக்குக் கொடுக்க முடிகிற பொருள் அது ஒன்றுதான். கொடுத்தேன். எனக்கு எதுவும் நினைவில்லை, ஆனால் இதுவரை அறியாத ஒரு ஏக்கம் தெரிகிறது என்று தடுமாறினாள். இதுதான் மகிழ்ச்சியா என்று என்னையே கேட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்து வெள்ளிக் கல்லாயிற்று. ஆயுதத்தில் பதித்தால் மெல்ல மெல்ல உயிர் மீளவைக்கும் கல். அவள் அழுத கண்ணீரையும் ஆட்டம் நம் பயன்பாட்டுக்கான பொருளாக்கித் தருகிறது என்பதை வடிவமைப்பின் குறையாகச் சிலர் சொல்லலாம். எனக்கு அது தெரிந்தே வைத்த முள்ளாகப் படுகிறது. நான் அந்தக் கல்லைப் பதிக்கவில்லை. இன்றும் என் சேவ் ஃபைலில் பெட்டிக்குள் இருக்கிறது.

கையும் கணுவும்

தூரத்தில் உள்ளதைப் பார்க்க ஒற்றைக்கண் தொலைநோக்கி ஒன்று ஆட்டத்தில் உண்டு. எதிரிகளை வேவு பார்க்கக் கொடுத்ததை வைத்து அவள் கையைப் பார்த்தேன். விரல்களின் ஒவ்வொரு கணுவிலும் உருண்டை மூட்டு, அதைச் சுற்றி மெல்லிய இடைவெளி. முகத்தில் அந்தக் கோடுகள் இல்லை. முகத்தை மட்டும் பார்த்தால் மனுஷி, கையைப் பார்த்தால் செய்த பொருள். பலம் ஏற்றும் ஒவ்வொரு முறையும் நெருங்கி நின்று கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி அவள் நீட்டுவது இந்தக் கையைத்தான். உயிரை நம்பவைக்க வேண்டிய தருணத்தில் உயிரில்லாத பாகத்தை முன்னால் நீட்டுகிறார்கள். மறைக்காததால்தான் நம்பிக்கை வருகிறது. மனித முகத்தை இன்னும் நுணுக்கமாகச் செய்தால் உயிர் வந்துவிடும் என்று நினைக்கும் வடிவமைப்பாளர்கள் இந்தக் கையை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

மூன்று முடிவுகள்

கடைசி இரவில் பட்டறை தீப்பிடித்து எரியும். பெரிய மரத்தடியில் கெர்மன் காத்திருப்பதாக அவள்தான் சொல்வாள். கெர்மன் தரும் சாவை ஏற்றுக்கொண்டால் விடியலில் கண் விழிப்போம். அவள் வேண்டிக்கொண்டது அப்படியே பலித்துவிடும். அவள் கனவிலேயே நின்றுவிடுவாள்.

மறுத்துக் கெர்மனைக் கொன்றால் நிலவிலிருந்து ஒன்று இறங்கிவந்து நம்மை அணைத்துக்கொள்ளும். அடுத்த காட்சியில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நாம், பின்னால் நின்று தள்ளிக்கொண்டு வருபவள் அவள். என் முதல் ஆட்டம் இப்படித்தான் முடிந்தது. அவ்வளவு நேரமும் அவளைப் பயன்படுத்தியவனுக்கு, பயன்படுத்திக்கொள் என்று சொன்னவரின் நாற்காலி கிடைத்தது. இதைவிட நியாயமான தீர்ப்பை எந்த ஆட்டமும் எனக்குச் சொன்னதில்லை.

மூன்றாவது முடிவுக்குத் தொப்புள்கொடித் துண்டுகள் மூன்றைத் தேடிப்பிடித்து உட்கொண்டிருக்க வேண்டும். அவை இருக்கும் இடங்களில் ஒன்று அந்தக் கைவிடப்பட்ட பட்டறை. அப்போது நிலவிலிருந்து இறங்கிவரும் அந்த ஒன்றால் நம்மைப் பிடிக்க முடியாது, அதையும் கொன்றுவிடுவோம். பிறகு திரை இருண்டு விடியும். தோட்டத்துத் தரையில் கையும் காலும் இல்லாத, கணவாய்க் குஞ்சு போன்ற சின்ன உயிர் ஒன்று நெளிந்துகொண்டிருக்கும். அது நாம்தான். பேச வாய் இல்லை, எழுந்து நிற்க முடியாது. வேறு யார் பார்த்தாலும் ஏதோ ஒரு பொருள் கிடக்கிறது என்று கடந்துபோயிருப்பார்கள். அவள் கடந்துபோகவில்லை. நல்ல வேட்டைக்காரரே என்று, எப்போதும் கூப்பிடும் அதே பெயரால் கூப்பிட்டாள். உருண்டை மூட்டுகள் உள்ள அந்தக் கைகளால் அள்ளி எடுத்து, குளிர்கிறதா என்று கேட்டாள்.